ஒரு போரும் பல சுவடிகளும்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் தெஹிவளையைக் கடந்தவுடன் கல்கிசையை அடைவர். அங்கே கடலை நோக்கி நிற்கும் குன்றின்மீது இன்று ஒரு பெரிய விருந்தினர் விடுதி விளங்குகின்றது. பிரித்தானியத் தேசாதிபதியாக இருந்த சேர் தோமஸ் மெயிற்லண்ட் தமக்கென இல்லம் அமைத்துக்கொண்ட இடம் அது. அவருக்கும் லோவினா என்னும் நாட்டியப் பெண்ணுக்கும் இடையே மலர்ந்த காதலைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதையைத் தெஹிவளைவாசிகளுள் அறியாதார் இலர். ஆயின், 1805ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மெயிற்லண்ட் இந்நாட்டில் வந்திறங்கியபோது, ஒரு போர் இரண்டரை ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது என்பதையும், உடன்படிக்கை எதுவும் எழுதாமலே அதனை ஓயவிட்டவர் அவரே என்பதையும் அறிந்தவர் மிகச் சிலர். காதற் கதை நிலைத்தது. போரின் கதை மறைந்தது.

அந்தப் போர் 1803ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியத்தின்மீது பிரித்தானியர் தொடுத்த முதற் போராகும். ஏகாதிபத்தியப் போர்களைப் பற்றி வரலாற்றறிஞர்கள் ஏன் ஓரவையிற் கூடி ஆராய வேண்டும், தத்தம் அறையிலிருந்து தனித்தனியே எழுதினாற் போதாதா என்னும் வினா பலருக்கு எழக்கூடும். அதற்கு விடை காண்பதற்கு 1803ஆம் ஆண்டுப் போரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. ஆதலின் முதலில் அப்போரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

1796ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய பிரித்தானியர், இலங்கையின் கரையோர மாகாணங்களுக்கு அதிபதிகளாயினர். மலைநாட்டிலே கண்டி அரசு சுதந்திரமாக இருந்தது. அங்கே 1798இல் அரியணை ஏறியவன், கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். தென்னிந்திய நாயக்கர் வழிவந்த இளைஞனாகிய அவனை அரசுகட்டிலில் ஏற்றியவர் முதன் மந்திரியாகிய பிலிமத்தலாவை அதிகார். அதே அதிகார், தேசாதிபதி பிரெடரிக் நோர்த்துடன் இரகசியப் பேச்சும் நடத்திவந்தார். இந்நிலையில் 1802இல், கண்டி நாட்டிற் பாக்குக் கொள்வனவு செய்த பிரித்தானியப் பிரசைகளான சோனக வர்த்தகரின் சரக்குப் பறிமுதலாயிற்று. நோர்த் நட்டஈடு கேட்டார், கிடைக்கவில்லை. 1803 சனவரி 31ஆம் நாள் சேனாதிபதி மக்டவல் கொழும்பிலிருந்து படையுடன் புறப்பட்டார். திருகோணமலையிலிருந்து மற்றொரு படை கிளம்பியது.

பெப்ரவரி 21ஆம் நாள் இரு படைகளும் கண்டி நகரிற் புகுந்தபோது அங்கே எதிர்த்து நிற்பார் ஒருவருமில்லை. மக்கள் நகரைவிட்டு அகன்றிருந்தனர். அரண்மனையின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. முன்னைய மன்னன் இராஜாதிராஜசிங்கனின் மைத்துனனாகிய முத்துசாமியைப் பிரித்தானியர் மார்ச் மாதத்தில் அரசனாக முடிசூட்டினர். ஆயினும் குடிகள் ஒருவரும் அவனை நாடி வரவில்லை. மழையும் காட்டுக் காய்ச்சலும் வந்தன. ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில் மக்டவல், ஏறத்தாழ ஆயிரம் பேரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு மீண்டார். அவ்வாறு நின்றவருட் பெரும்பாலோர் மலாயர். எஞ்சியோரிற் பலர் 19ஆம் படையணியைச் சேர்ந்த ஆங்கிலேயர். நாளொரு சாவாக நோய் அவர்களை அழித்துக்கொண்டிருந்தது. அக்காய்ச்சலை நுளம்பு பரப்புகின்றது என்னும் உண்மையை ரொனால்ட் றொஸ் கண்டறிவதற்கு 1897 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

யூன் 24ஆம் நாள் கண்டிப் படை நகரை வளைத்துத் தாக்கியது. தலைமை தாங்கிய மேஜர் டேவி, பாதுகாப்பாகச் செல்ல விடுவதாகக் கிடைத்த உறுதிமொழியை நம்பிச் சரணடைந்து நகரைவிட்டு வெளியேறினார். வட்டபுலுவ என்னுமிடத்தில் மகாவலி கங்கை பெருக்கெடுத்து ஓடிற்று, கடக்க ஓடமில்லை. முத்துசாமியை ஒப்படைக்கும்படி மன்னன் தரப்பினர் கேட்டனர். ஒப்படைக்கப்பட்ட அவன் கொல்லப்பட்டான். பின்பு 26ஆம் நாள் ஆங்கிலச் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். நகரிலே நோயுற்றுக் கிடந்தோரும் உயிர் தப்பவில்லை. டேவி சிறைப்பட்டுப் பல ஆண்டுகள் கண்டியிலேயே வாழ்ந்து அங்கேயே மாண்டார். கோர்ப்பரல் பார்ன்ஸ்லி என்பவர் கழுத்தில் வெட்டுக் காயத்துடன் தப்பி, மாத்தளைக்கு அண்மையிலிருந்த பிரித்தானியக் காவற் கோட்டைக்கு இச்செய்தியைக் கொணர்ந்தார்.

இதுவே கதையின் சுருக்கம். இனி, இக்கதை நமக்கு எவ்வழியாகக் கிடைத்தது என்று நோக்குவோம்.

முதலாவது, ஆங்கிலச் சான்றுகள். தேசாதிபதி நோர்த் இலண்டனுக்கு எழுதிய கடிதங்கள் இன்று இலண்டன் நகரின் கியூ பகுதியிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. கொழும்பிற் படைக்குருவாக இருந்த ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியிட்ட நூலிற் போர் விவரம் உண்டு. 1804இல் மட்டக்களப்பிலிருந்து ஒரு சிறு படையுடன் கண்டி வரை சென்று, பிற படைகள் வாராமையால் தனித்து நின்று, திருகோணமலைக்கு மீண்ட கப்டன் ஜோன்ஸ்டன், அந்நடையைப் பற்றி 1810இல் நூலெழுதினார். இவற்றையெல்லாம் எழுதியோர் போரில் ஒரு தரப்பினர். அவர்கள் பொய்யெழுதினர் என்று நாம் கூற வேண்டுவதில்லை. ஆயினும், தோல்வியுற்ற தேசாதிபதி மேலிடத்துக்கு எழுதும் கடிதம், தன்னைக் காத்துக்கொள்ளும் கடிதமாகவும் இருக்கும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, சிங்களச் சான்றுகள். சிங்கள இலக்கியத்தில் 'ஹட்டன' எனப்படும் போர்க் காவிய மரபு ஒன்றுண்டு. நம்முடைய பரணியையும் கலிங்கத்துப் போரையும் நினைவூட்டுவது அது. 'இங்கிரிசி ஹட்டன' என்னும் காவியம் ஆங்கிலேயரை வென்ற மன்னனைப் போற்றுகின்றது. 'வடிக ஹட்டன' என்னும் மற்றொன்றோ, அதே மன்னனையும் அவனுடைய நாயக்க உறவினரையும் கடுமையாகப் பழிக்கின்றது. எகலப்பொலை அதிகாரை உயர்த்துகின்றது. ஒரே மொழியில், ஏறத்தாழ ஒரே தலைமுறையில், ஒரே அரசனைப் பற்றி இரு வேறு தீர்ப்புகள்! சிங்களச் சான்று என்று பொதுவாகக் கூறிவிட முடியாமல், எவர் அவையிற் பாடியது, எப்போது பாடியது என்று கேட்க வேண்டியவர்களாகின்றோம்.

மூன்றாவது, மலாயர் பற்றிய சான்றுகள். கொழும்புக் கொம்பனித் தெருவிலே மலே வீதியும் ரைபிள் வீதியும் இன்றும் இருக்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து கொணரப்பட்டுப் பின்னர் பிரித்தானியப் படையிற் சேர்க்கப்பட்ட மலாயச் சிப்பாய்களின் நினைவு அவ்வீதிப் பெயர்களில் வாழ்கின்றது. 1803இல் மலாயர் இரு தரப்பிலும் நின்றனர். கண்டி மன்னனிடத்தும் ஒரு மலாயப் பிரிவு பணிபுரிந்தது. பிரித்தானியர் பக்கத்து மலாயத் தலைவரான கப்டன் நூர்தீன், மன்னனின் சேவையிற் சேர மறுத்தமையால் உயிரிழந்தார். இலங்கை மலாயர் அரபு எழுத்தில் மலாய் மொழியை எழுதிவந்தோர். 1869இல் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்னும் பத்திரிகையையும் அவ்வெழுத்திலே வெளியிட்டனர். இவர்களுடைய படைவாழ்க்கையை ஆராய்ந்து பி. ஏ. ஹுசைன்மியா 1990இல் நூல் எழுதும் வரை, ஏனையோரின் போர்க்கதையில் அவர்கள் தலையெண்ணிக்கையாக மட்டுமே இருந்தனர்.

நான்காவது, தமிழரைப் பற்றிய சான்றுகள். மன்னனும் அவனுக்கு எதிராக முடிசூட்டப்பட்ட முத்துசாமியும் ஒரே நாயக்க உறவினர் கூட்டத்தினர். அதே 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், வன்னியிலே பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். பிரித்தானியக் காவற்படை அவ்விடத்தைவிட்டு அகன்றது. கண்டியரின் துணை அவனுக்கு இருந்ததென்பர். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தார். அவ்விடத்தே பிரித்தானியர் நாட்டிய கல்லில் உள்ள வாசகம் சிறியது: இவ்விடத்துக்கு அண்மையில் இன்னார் இன்னாரை இன்ன நாளிலே தோற்கடித்தார் என்பதே அதன் பொருள். கொன்றார் என்று அக்கல் கூறவில்லை. ஆனால், பண்டார வன்னியன் அன்றே அக்களத்திலேயே வீழ்ந்தான் என்று நாடகங்களும் மேடைப் பேச்சுகளும் பலகாலும் கூறிவந்திருக்கின்றன. கல் கூறாததைக் கல்லின்மேல் ஏற்றிக் கூறுவது வீரனுக்குச் செய்யும் மரியாதையாகாது. அவனுடைய வீரத்துக்கு மிகைச் சான்று தேவையில்லை.

இன்னும் ஒரு கூட்டத்தார் உளர். சென்னைப் பக்கத்திலிருந்து வந்த வழிசெப்பனிடும் தொழிலாளரும், மூட்டை சுமந்தோரும், பீரங்கி இழுத்தோரும் அவர்கள். மக்டவலின் படை மலையேறியது அவர்களுடைய தோள்மீது. அரிசியும் வெடிமருந்தும் சாராயமும் அவர்கள் சுமந்தவை. அவர்களுட் பலர் நோயால் மடிந்தனர். பலர் இரவோடிரவாக ஓடினர். ஆங்கில நூல்களில் அவர்கள் 'கூலிகள்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். ஹட்டனக் காவியங்களிலும் அவர்களுக்குப் பெயரில்லை.

நேயர்களே, இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இப்போரை முற்றாக அறிய விரும்பும் ஓராய்வாளர் எத்தனை மொழி கற்க வேண்டும்? ஆங்கிலம், சிங்களம், தமிழ், மலாய். போருக்கு முந்திய நிலையை அறிய ஒல்லாந்த மொழியும் போர்த்துக்கேய மொழியும். எத்தனை நகருக்குச் செல்ல வேண்டும்? கொழும்பு, கண்டி, இலண்டன், சென்னை. 1815இல் கண்டி வீழ்ந்தபின் மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கின்றது. ஒரு மனிதரின் ஆயுட்காலம் இத்தனைக்கும் போதாது. எனவேதான் அறிஞர் கூடுகின்றனர். வரலாற்றறிஞர் அவை, வறுமையுற்றோர் பலர் ஆளுக்கொரு பிடி அரிசி கொணர்ந்து ஓருலையில் இட்டுப் பொதுச்சோறு ஆக்குவதை ஒக்கும்.

அத்தகைய அவை எவ்வாறு நடைபெறுகின்றது? பெரும்பாலும் கட்டுரைகள் முன்கூட்டியே எழுதப்பட்டு அங்கத்தவரிடையே சுற்றுக்கு விடப்படும். கட்டுரையாளர் தம் முடிபைச் சுருக்கிக் கூறுவார். அதனைப் படித்துவந்த மற்றோரறிஞர் அதன் குறைநிறைகளை எடுத்துரைப்பார். பின் அவையோர் வினவுவர். இவ்வினாக்களே அவையின் உயிர்நாடி. "நீர் காட்டும் கடிதத்தின் நாள் என்ன? அந்நாளிலே எழுதியவர் எங்கே இருந்தார்? கண்ணாற் கண்டாரா, கேட்டாரா?" என்று வேறு சுவடி படித்த ஒருவர் கேட்கும்போது, பத்தாண்டுக்கால நம்பிக்கை ஒரு நிமிடத்திற் சரியக்கூடும். வட்டபுலுவையில் நடந்த கொலைக்குக் கட்டளையிட்டவர் மன்னனா, பிலிமத்தலாவையா என்பது இவ்வாறு நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு வந்த வினா. கொலையைக் கண்டித்து எழுதிய நோர்த், அதற்கு முன் அதே அதிகாருடன் சேர்ந்து மன்னனுக்கு எதிராகச் சதியாலோசனை செய்தவர் என்பதும் அவருடைய கடிதங்களாலேயே வெளிப்பட்டது. இதனை விரிவாக ஆராய்ந்தோருள், அரசியல் தலைவராகவும் விளங்கிய கொல்வின் ஆர். டி சில்வா முக்கியமானவர். அவருடைய நூல் 1941இலும் 1942இலும் இரு பாகமாக வெளிவந்தது.

இந்நாட்டில் அறிஞர் கூடி ஆராயும் வழக்கம் புதியதன்று. றோயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இலங்கைக் கிளை 1845இலேயே நிறுவப்பட்டது. ஒருவரையொருவர் நிரப்பும் ஆய்வுக்கு ஓர் அழகிய சான்று 1958ஆம் ஆண்டிற் கிடைக்கின்றது. அவ்வாண்டில் கே. டபிள்யூ. குணவர்தன, 1638 முதல் 1658 வரை ஒல்லாந்தர் இலங்கையிற் காலூன்றிய வரலாற்றை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தவரான சின்னப்பா அரசரத்தினம், 1658 முதல் 1687 வரையான வரலாற்றை வெளியிட்டார். ஒருவர் நிறுத்திய ஆண்டில் மற்றவர் தொடங்குகின்றார். ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர். இருவரும் பயன்படுத்தியவை ஒல்லாந்தக் கொம்பனியின் சுவடிகள். அவற்றுள் 7,000க்கு மேற்பட்ட தொகுதிகள் கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்திலேயே இருக்கின்றன. உலகின் பல நாடுகளிற் சிதறிக் கிடக்கும் அக்கொம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் 'உலக நினைவு' ஏட்டிற் பதிவு செய்தது.

அண்மைக் காலத்திலே இன்னொரு கூட்டம் நினைக்கத்தக்கது. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்து 500 ஆண்டு நிறைவுற்றமையை ஒட்டி, 2005ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிஸ் நகரில் வரலாற்றறிஞர்கள் கூடினர். அவர்தம் கட்டுரைகள் ஜோர்ஜ் புளோரெஸ் பதிப்பித்த நூலாக 2007இல் வெளிவந்தன. அந்த ஆண்டு நிறைவை எவ்வாறு நினைவுகூர்வது என்பதே நம் நாட்டிற் சர்ச்சைக்குரியதாக இருந்தது. படையெடுப்பைக் கொண்டாடுவதா என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்வி. அறிஞர்கள் கொண்டாடவுமில்லை, சபிக்கவுமில்லை, ஆராய்ந்தனர். போர்த்துக்கேய ஆவணங்களைப் படித்தோர் இருந்த அதே அவையில், சிங்களப் போர்க் காவியங்கள் போர்த்துக்கேயரை எவ்வாறு கண்டன என்பதை ரோகிணி பரணவிதான எடுத்துரைத்தார். வென்றவன் ஏட்டையும் எதிர்த்தவன் பாட்டையும் ஒரே மேசையில் வைத்தமையே அக்கூட்டத்தின் பயன்.

இவ்வாராய்ச்சி பழங்கதையில் இன்பம் காண்போரின் பொழுதுபோக்கு என்று எண்ணுதல் தவறு. 1818ஆம் ஆண்டு ஊவா வெல்லசைக் கிளர்ச்சியில் தலைவர்கள் துரோகிகள் என்று பிரித்தானியர் வர்த்தமானியில் அறிவித்தனர். அவர்களுள் ஒருவரான கெப்பெட்டிப்பொலை திசாவை அவ்வாண்டு நவம்பரிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோடு பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1954இலேயே தாயகம் திரும்பியது. அந்த அறிவித்தலில் இருந்த 19 பெயர்களின்மீதான துரோகிப் பட்டம் சட்டப்படி நீக்கப்பட்டது 2016இலே. இரு நூற்றாண்டுக்கு முன் எழுதிய ஒரு தாள், அதுவரை ஒரு குடும்பத்தின் பெயர்மீது கிடந்தது. எழுத்துக்கு அத்துணை ஆயுள். ஆகையால் எழுதுவோர்க்கும் அத்துணைப் பொறுப்பு.

நம்மவர்க்கு இதிலே தனிக் கடமை ஒன்றுண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்களுடன் ஓலைச் சுவடிகளும் அழிந்தன. பின்வந்த போரிலே வீடிழந்தோர் பலர், பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்தனர். அப்பெட்டிகளிலே பழைய காணி உறுதி, கோயிற் கணக்கு, பாட்டனார் எழுதிய நாட்குறிப்பு, ஓலைக் கட்டு முதலியன இருக்கக்கூடும். படிக்கத் தெரியாத எழுத்தென்று பிள்ளைகள் அவற்றைக் குப்பையில் இடுகின்றனர். அறிஞர் அவையில் ஒரு தரப்பு ஊமையாக இருப்பதற்கு இதுவே முதற் காரணம். பேச விரும்பாமையால் அன்று, காட்டுவதற்குச் சான்று இல்லாமையாலேயே ஒரு சமூகம் வரலாற்றில் மௌனமாகின்றது.

ஆதலால், நேயர்களே, உங்கள் வீட்டில் அத்தகைய பழந்தாள் இருப்பின், அதனை எறியாதீர்கள். நனையாத இடத்தில் வையுங்கள். முடிந்தால் படம் பிடித்து வையுங்கள். அருகிலுள்ள பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினருக்கோ தேசிய சுவடிகள் கூடத்துக்கோ காட்டுங்கள். யாரிடமிருந்து, எவ்வூரிலிருந்து வந்தது என்பதையும் ஒரு கடதாசியில் எழுதி உடன் வையுங்கள். ஊர்ப்பெயர் அற்ற சுவடி, முகவரி அற்ற கடிதம் போன்றது.

மகாவலிக் கரையில் மாண்ட ஆங்கிலச் சிப்பாயும், மன்னன் சேவையை மறுத்து மாண்ட நூர்தீனும், முடிசூடிச் சில மாதங்களிற் கொலையுண்ட முத்துசாமியும், தம் மலையைக் காக்க வில்லும் துவக்கும் ஏந்திய கண்டிக் குடியானவனும், பெயரே எஞ்சாத சுமைகாரனும் ஒரே போரின் மக்கள். அவர்களை ஒரே அவையில் மீண்டும் கூட்டுவிக்க வல்லது ஆராய்ச்சி ஒன்றே. அந்த அவையில் நம் பக்கத்துச் சான்றும் இடம்பெறுவதும் பெறாததும் நம் வீட்டுப் பெட்டிகளைப் பொறுத்தது.